பெரியதுக்குப் பூஜ்யம், சின்னதுக்குப் பன்னிரண்டு

ஸ்டியரிங் இல்லாத பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பத்தொன்பது வருஷம் பிழைத்தவள் அவள். டிரைவிங் ஸ்கூலின் வெள்ளைக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டப் பழகுகிறவர் எதிரே லாரியைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, வளைவில் வண்டியை மறந்து வாயைப் பிளந்தாலும் சரி, அந்தப் பிரேக் தானாக விழும். அதனால் அவளுக்கு 'பிரேக் மேடம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வரும் தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

உண்மையில் அவளுடைய காலைவிட வேகமாக வேலை செய்தது தொண்டைதான். "கிளட்ச்! கிளட்ச்சை மெதுவா விடுங்க, அது என்ன தையல் மெஷினா?" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், பக்கத்து வரிசையில் போகிறவர்களும் தங்கள் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். அந்த ஸ்கூலுக்கு அவள் வந்தது விண்ணப்பம் நிரப்பும் வேலைக்கு. ஒரு நாள் சொல்லித்தருகிறவர் வரவில்லை. மறுநாள் டெஸ்ட் வைத்திருந்த ஒரு பெண் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான் கூட உட்காந்துட்டு வரேன்" என்று கிளம்பியவள்தான். அந்தப் பெண் பாஸானாள். விண்ணப்பம் நிரப்ப முதலாளி வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

அவளுடைய நாற்பத்தேழாவது வயதில், ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு தையல்காரர் வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். வண்டியை அவர் ஓட்டிய லட்சணம் வேறு கதை. ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டி அவள் பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நாப்பது வருஷமா கழுத்தளவு எடுத்த கண்ணு. நீங்க தண்ணி முழுங்கறப்ப இடது பக்கம் ஏதோ ஒண்ணு ஏறி இறங்குது."

"என் கழுத்தைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க" என்று அதட்டிவிட்டாள். ஆனால் அவரை இறக்கிவிட்ட கையோடு, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, இன்னொரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். இருந்தது. எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்கு, தோலுக்கடியில், அவள் விழுங்க விழுங்க அதுவும் கூடவே போய் வந்தது. இத்தனை நாள் இது எங்கே ஒளிந்திருந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

குடும்ப டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தைராய்டில் கட்டி என்றார். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கடைத்தெருவிலிருந்த ஸ்கேன் சென்டரில் கூட்டம் வாசல்படி வரை நின்றது. அவள் முறை வந்தபோது உள்ளே போய், படுத்து, எழுந்து வெளியே வருவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ரிப்போர்ட் மூன்று வரி. இடது பக்கம் மூன்றரை சென்டிமீட்டரில் ஒரு கட்டி, வலது பக்கம் இயல்பு, சர்ஜனைப் பார்க்கவும்.

சர்ஜன் நல்ல கைராசிக்காரர் என்று பேர் எடுத்தவர். மூன்று வரியையும் ஒரே பார்வையில் படித்தார், கழுத்தை இரண்டு விரலால் அழுத்தினார்.

"பெரிசா இருக்கும்மா. இடது பாதியை எடுத்துடலாம். அடுத்த வியாழக்கிழமை இடம் இருக்கு."

"கேன்சரா டாக்டர்?"

"எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினா தெரிஞ்சிடும்."

"எடுக்கறதுக்கு முன்னாடி தெரியாதா?"

"ஊசி போட்டுப் பாக்கலாம். ஆனா இவ்வளவு பெரிசுல ஊசி சில சமயம் தப்பான இடத்தைக் குத்திடும். எப்படியும் எடுக்கத்தான் போறோம். அப்புறம் எதுக்கு ரெண்டு வேலை?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் பட்டது. தேதியை வாங்கிக்கொண்டு எழுந்தாள். கதவருகே போனதும் திரும்பினாள்.

"குரலுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"குரல் நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பின்னாடியே ஒட்டிப் போகுது. ஜாக்கிரதையாதான் செய்வோம். நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குப் பிரச்சினை வரலாம்."

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே பேச்சு. அவளுடைய நாத்தனார், மருந்துக்கடையில் பதினைந்து வருஷமாக மருந்து எடுத்துக் கொடுப்பவள். அந்த அனுபவத்தில் அரை டாக்டர் என்று அவளுக்கு நினைப்பு. "சர்ஜனே சொல்லிட்டாரு. வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டுன்னு முடிச்சிட்டு வாங்க அண்ணி" என்றாள். கணவர் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வாரியத்தில் பம்புக்குக் காவல் இருப்பவர் அவர். மோட்டார் சத்தத்திலேயே காலம் தள்ளிப் பேசாமல் பழகிவிட்டார். கல்லூரி கடைசி வருஷம் படிக்கும் மகள் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தாள்.

"அம்மா, கட்டி எப்படி இருக்குன்னே இதுல இல்லையே. எவ்வளவு பெரிசுன்னு மட்டும்தானே இருக்கு?"

சுருக்கென்றது பிரேக் மேடத்துக்கு. அதுதானே! வண்டி விற்கிறவன் நீளம் எத்தனை அடி என்று மட்டும் சொன்னால் யாராவது வாங்குவார்களா? இன்ஜின் எப்படி, பிரேக் எப்படி என்று கேட்க மாட்டார்களா? தன் கழுத்தை அறுக்கக் கொடுப்பதற்கு மூன்று வரிக் காகிதத்தை நம்பித் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலை முதல் வகுப்புக்கு முன்னால் ஃபோனை எடுத்தாள். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். அதில் ஒருத்தி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று தடவை டெஸ்டில் தோற்று நாலாவது தடவை தேறியவள்.

"கழுத்து ஸ்கேன்லயே முழுசா இறங்கின டாக்டரம்மா ஒருத்தங்க இங்க இருக்காங்க மேடம்" என்றாள் நர்ஸ். "ஆனா ஒருத்தருக்கு முக்கால் மணி நேரம் எடுப்பாங்க. அதனால எல்லாரும் அலுத்துக்கிறாங்க."

"அலுத்துக்கட்டும். எனக்கு அவங்கதான் வேணும்."

"அவங்ககிட்ட இடம் அடுத்த வெள்ளிக்கிழமைதான் மேடம் இருக்கு."

வியாழக்கிழமை ஆபரேஷன், வெள்ளிக்கிழமை ஸ்கேன். முதலில் சுடு, பிறகு குறி பார் என்பது போல இருந்தது. அவள் நேரே சர்ஜனின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், வியாழக்கிழமை வேண்டாம், தேதியைத் தள்ளிவைக்க வேண்டும் என்றாள். அந்தப் பெண் உள்ளே போய்ச் சொல்ல, சர்ஜனே வெளியே வந்துவிட்டார்.

"என்னம்மா, பயமா?"

"பயம் இருக்கு டாக்டர். ஆனா அதுக்காக இல்ல. எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாம நான் இண்டிகேட்டர் போட மாட்டேன். இன்னொரு ஸ்கேன் பாத்துட்டு வரேன்."

"ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போனா குடி முழுகிடாது, சரி. ஆனா இது தேவையில்லாத வேலை."

"தேவையில்லாம போனா சந்தோஷம்தான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நாத்தனார் கேள்விப்பட்டுக் குதித்தாள். "ஊரெல்லாம் சுத்திட்டு வர்ற வரைக்கும் கட்டி காத்துக்கிட்டு இருக்குமா அண்ணி?" அந்த வாரம் முழுக்க பிரேக் மேடமும் உள்ளுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டாள். சொல்லித்தரும்போது இரண்டு தடவை கவனம் சிதறி, பிரேக்கைத் தாமதமாக மிதித்தாள். ஒரு தடவை குப்பைத்தொட்டி ஒன்று சாய்ந்தது. இறங்கி அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஓட்டியவரிடம், "தப்பு என்னோடது" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவள் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்கேன் அறை. பாதி இருட்டு, ஏசி குளிர். டாக்டரம்மாவுக்கும் கிட்டத்தட்ட அவள் வயதுதான். கோட்டுக்கு மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தாள்; வலது தோளில் ஒட்டிய வலி நிவாரணப் பட்டை ஒன்று கழுத்தோரத்தில் எட்டிப் பார்த்தது. தோளுக்கடியில் தலையணை வைத்து, கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னாள். ஜெல் சில்லென்று விழுந்தது.

"நான் சொல்ற வரைக்கும் பேசக் கூடாது, முழுங்கக் கூடாது."

பேசாமல் இருப்பதுதான் அவளுக்கு இருப்பதிலேயே பெரிய தண்டனை. பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கருவி இடது பக்கம் மேலும் கீழும் போனது; நடுவில் வந்தது; வலது பக்கம் போனது. அங்கே போனதும் நின்றுவிட்டது. டாக்டரம்மா கருவியை நெடுக்காகத் திருப்பினாள், குறுக்கே திருப்பினாள், கழுத்தை இடது பக்கம் சாய்க்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அதே இடத்துக்கு வந்தாள். பொத்தான் தட்டும் சத்தம் தொடர்ந்து கேட்டது.

"இப்போ பேசலாம்."

"வலது பக்கம் என்ன டாக்டர் பாக்கறீங்க? கட்டி இடது பக்கம்தானே?"

"சொல்றேன்" என்றாள் டாக்டரம்மா. காதிலிருந்து தோள்பட்டை வரை கழுத்தின் இரு பக்கத்தையும் பார்த்து முடித்தாள். நெறிக்கட்டு ஏதும் இருக்கிறதா என்று அதற்கென்றே இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, சுவரிலிருந்த இன்னொரு திரையை அவள் பார்க்கிற மாதிரி திருப்பினாள்.

"மறைச்சுப் பேசறது எனக்கு வராது. காட்டட்டுமா?"

"காட்டுங்க. வண்டி கவிழ்ந்தாலும் கண்ணைத் திறந்துகிட்டுதான் கவிழணும்."

"இது இடது பக்கம், நீங்க கையில தொட்டுப் பாக்கற பெரிய கட்டி. உள்ள பாருங்க, பஞ்சு மாதிரி சின்னச் சின்ன அறையா இருக்கு. ஓரம் வழுவழுன்னு இருக்கு. இந்த மாதிரி உருவத்துல கேன்சர் இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம்."

அவள் மூச்சை விட்டாள். டாக்டரம்மா அடுத்த படத்தைப் போட்டாள்.

"இது வலது பக்கம். சுரப்பியோட பின் பக்கம் இருக்கு, அதனால கைக்குத் தட்டுப்படாது. பதினோரு மில்லிமீட்டர். சுத்தி இருக்கற சதையைவிடக் கறுப்பா இருக்கு பாருங்க. ஓரம் கரடுமுரடு. உள்ள உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிங்க. இன்னொண்ணு, சாதுவான கட்டி பெரும்பாலும் பாயில படுத்த மாதிரி கிடக்கும். இது எழுந்து நிக்குது. அகலத்தைவிட உயரம் ஜாஸ்தி."

"அது நல்லதில்லையா?"

"நல்லதில்ல. ஒவ்வொரு குணத்துக்கும் மார்க் போடுவோம். ஏழு வந்தாலே சந்தேகம் பலம்னு அர்த்தம்."

"இந்தப் பரீட்சையில மார்க் வாங்கினா ஃபெயிலா? சரி, பெரிசுக்கு எவ்வளவு?"

"பூஜ்யம்."

"சின்னதுக்கு?"

"பன்னிரண்டு."

வாரக்கணக்காக வீட்டார், சர்ஜன், தையல்காரர் என்று எல்லாருடைய கண்ணும் இடது பக்கமே இருந்தது. குரைக்கிற நாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடிக்கிற நாய் பின்னால் வந்து நின்றிருக்கிறது.

"அப்போ ஊசி போட்டுப் பாருங்க" என்றாள். பின் பக்கம் இருக்கிற சின்னதைக் குத்துவார்களே என்றுதான் பயம். "பெரிசுல மட்டும் குத்தினா போதாதா? ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்களே."

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். "இங்க அந்தப் பழமொழி செல்லாது. ஒரே சுரப்பிதான், ஆனா ஒவ்வொரு கட்டியும் தனித்தனி பானை. சின்னதுல கட்டாயம் எடுக்கணும். பெரிசுல எடுக்க அவசியமே இல்ல. ஆனா அதை நம்பித்தானே ஆபரேஷன் வரைக்கும் போனீங்க? அதனால அதுலயும் எடுத்து உறுதி பண்ணிடலாம்."

மெல்லிய ஊசிதான். திரையில் அது வெள்ளைக் கோடாக உள்ளே இறங்குவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். கறுப்புப் புள்ளியின் நடுவே ஊசி முனை போய் நின்றது. துளி பிசகவில்லை. அவ்வளவு பயத்திலும், நெருக்கமான இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரே மூச்சில் வண்டியை நிறுத்துகிற ஓட்டுநரைப் பார்த்தது போல அவளுக்கு ஒரு மதிப்பு வந்தது.

முடிவு ஐந்தாம் நாள் வந்தது. இடது பக்கம் சாது. வலது பக்கம் புற்றுநோய். தைராய்டில் வருகிறவற்றில் மெதுவாக வளரும் வகை.

சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார்கள், பயப்படத் தேவையில்லாத வகை என்று. ஆனாலும் கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அவளுக்கு எந்தப் பக்கம் ஏறுவது என்றே தோன்றவில்லை. கார்க் கதவைத் திறந்து, பழக்க தோஷத்தில் ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கணவர் ஸ்டியரிங் பக்கம் ஏறினார். இருவரும் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளின் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது கொஞ்ச நேரம் கழித்துத்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"யாரு ஓட்டறது?" என்றார் அவர்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை ஓயக் கால் மணி நேரமாயிற்று. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுங்கறது சரிதான்" என்றார். "ஆனா கடுகு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டே. இனிமே எடுத்துப்போட வேண்டியதுதானே?" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, மறுபக்கம் வந்து, வண்டியை எடுத்தாள்.

சர்ஜன் புதிய ரிப்போர்ட்டைப் படித்தார். அது மூன்று பக்கம். கழுத்தின் வரைபடத்தில் இரண்டு கட்டியும் இடம் குறித்து வரையப்பட்டிருந்தன. படங்களைத் திரையில் போட்டு, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வியாழக்கிழமை நீங்க வந்திருந்தா, நான் இடது பக்கத்தை எடுத்திருப்பேன்" என்றார். "கேன்சர் இல்லன்னு ரிசல்ட் வந்திருக்கும். நிம்மதியா இருங்கன்னு வீட்டுக்கும் அனுப்பியிருப்பேன்."

சமாளிக்காமல் அவர் அப்படிச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு சர்ஜனைத் தேட வேண்டுமா என்ற யோசனையை அந்த இடத்திலேயே விட்டாள்.

அவர் அப்போதே ஃபோனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். கட்டிக்கும் சுரப்பியின் உறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, மூச்சுக்குழாயைத் தொடுகிறதா, நெறிக்கட்டு உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பேசிவிட்டு வைத்தவர், மூன்று வழிகளைச் சொன்னார்.

"சின்னக் கட்டி, சிலருக்கு எடுக்காம ஸ்கேன்லயே கண்காணிக்கறதும் உண்டு. ஆனா உங்களோடது நரம்பு போற பின் பக்கம் இருக்கு, அதனால விட்டு வைக்க எனக்கு மனசில்ல. முழுச் சுரப்பியையும் எடுத்தா ஒரேயடியா முடியும். ஆனா வாழ்நாள் முழுக்க மாத்திரை, ரெண்டு பக்கத்து நரம்புக்கும் ஆபத்து. வலது பாதியை மட்டும் எடுத்தா ஒரு பக்கம்தான் ஆபத்து. இடது கட்டி சாதுவா இருக்கறதால விட்டுட்டு, வருஷா வருஷம் ஸ்கேன் பாக்கணும். பின்னால தேவைப்பட்டா இன்னொரு ஆபரேஷன் வரலாம்."

கூட வந்திருந்த நாத்தனார் முந்திக்கொண்டாள். "முழுசா எடுத்துடுங்க டாக்டர், தொல்லை விட்டது."

"தொல்லை என்னோடது, கழுத்தும் என்னோடது" என்றாள் பிரேக் மேடம். "வலது பாதி போதும் டாக்டர். கெட்டது எதுன்னு கண்டுபிடிச்சிட்டு நல்லதையும் சேத்து வெட்டறதுக்கா இவ்வளவு அலைஞ்சேன்? வருஷா வருஷம் நான் வந்து நிப்பேன். ஒரு நாள்கூடத் தவற மாட்டேன்."

ஆபரேஷனுக்கு முன்னால் மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டுக் குரல்நாண் இரண்டும் சரியாக அசைகிறதா என்று பார்த்தார்கள். சர்ஜன், டாக்டரம்மாவின் ஸ்கேன் அறைக்குத் தானே போய், பிரேக் மேடத்தின் கழுத்தில் கருவியை வைத்துக் கட்டி இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு சர்ஜன் ஸ்கேன் அறைக்கு வந்தது அதுவே முதல் தடவை என்று நர்ஸ் வந்து காதில் சொன்னாள்.

ஆபரேஷன் இரண்டு மணி நேரம். கண் விழித்ததும் அவள் முதலில் செய்தது, "கிளட்ச்" என்று சொல்லிப் பார்த்தது. காற்றுதான் வந்தது. கிணற்றுக்குள் யாரோ இருமியது போல ஒரு சத்தம்.

"நரம்பு முழுசா இருக்கு" என்றார் சர்ஜன். "கட்டி அதை ஒட்டி இருந்ததால கொஞ்சம் இழுபட்டிருக்கு. வாரக்கணக்குல திரும்பிடும். கட்டி நரம்பை ஒட்டி இருக்குன்னு முன்னாடியே தெரியாம அந்த இடத்துல கத்தியை வெச்சிருந்தா என்னால இப்படிச் சொல்லியிருக்க முடியாது." ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது: கட்டி சுரப்பிக்குள்ளேயே அடங்கி இருந்தது, ஓரங்களில் ஒன்றுமில்லை, பக்கத்தில் எடுத்த நிணநீர் முடிச்சுகளிலும் ஒன்றுமில்லை. வேறு சிகிச்சை வேண்டியதில்லை. மாத்திரைகூட இப்போதைக்கு வேண்டாம், ரத்தத்தை மட்டும் அவ்வப்போது பார்த்தால் போதும்.

குரல் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் முதலாளி அவளை வண்டியில் ஏற்ற மறுத்தார். சும்மா இருக்க முடியாமல், அவள் தன் கணவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். முழங்காலில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. காதைத் திருகினால் கண்ணாடியைப் பார். மகள் பின்னால் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து வயிறு நோக வருவாள். "பேசாத டீச்சர், பேசாத ஸ்டூடண்ட். உலகத்துலயே அமைதியான டிரைவிங் ஸ்கூல் இதுதாம்மா." அவர் முதல் டெஸ்டிலேயே தேறிவிட்டார். கத்தாமலும் சொல்லித்தரலாம் என்று அதிலிருந்து அவள் பாடம் படித்துக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். குரல் வந்த அன்றே ஒரு வங்கி அதிகாரியை நடுரோட்டில் காய்ச்சி எடுத்தாள். ஆனால் உச்சத்தில் எழும் அந்த ஒரு கத்தல் மட்டும் திரும்பவில்லை. அங்கே போனால் குரல் உடைகிறது. சர்ஜன் வாரம் இரண்டு நாள் குரல் பயிற்சிக்குப் போகச் சொன்னார், போய்க்கொண்டிருக்கிறாள்.

ஆறாம் மாத ஸ்கேனில் எடுத்த இடம் சுத்தமாக இருந்தது. இடது கட்டி வளரவுமில்லை, குறையவுமில்லை. டாக்டரம்மாவிடமிருந்து பழைய படம், புதிய படம் எல்லாவற்றையும் ஒரு உறையில் வாங்கிக்கொண்டு, அவள் வீட்டுக்குப் போகவில்லை. கடைத்தெருவில் முதலில் ஸ்கேன் எடுத்த சென்டருக்குப் போனாள். அன்றும் கூட்டம் வாசல்படி வரை நின்றது. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் உள்ளே போனாள்.

அங்கிருந்த டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணில் தூக்கம் தேங்கியிருந்தது. படுக்கச் சொன்னார்.

"படுக்க வரல டாக்டர். சண்டைக்கும் வரல. இந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் பாருங்க. முதல்ல இருக்கறது நீங்க எழுதினது."

அவர் தன் மூன்று வரியைப் படித்தார். பிறகு மற்றதைப் படித்தார். 'வலது பக்கம் இயல்பு' என்று தான் எழுதியிருந்த இடத்துக்கு விரலைக் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். முகம் சுண்டிவிட்டது.

"அன்னிக்கு நாப்பது பேருக்கு மேல வரிசையில இருந்தாங்கம்மா" என்றார் மெதுவாக.

"தெரியும் டாக்டர். அதுல நானும் ஒருத்தி."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "கொஞ்சம் இருங்க" என்று அவர் சத்தம் கொடுத்துவிட்டு, படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது பக்கத்துப் படத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"பின்னாடி இருக்கு. கழுத்தைச் சாய்ச்சுப் பாத்திருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "இதை நான் ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் கொண்டுவந்தேன்."

அவரே எழுந்து போய் நகல் எடுத்து வந்தார். அசலை உறையில் போட்டு அவளிடம் கொடுக்கும்போது கையைக் கூப்பினார். அவள் வெளியே வந்தாள். அடுத்து உள்ளே போனவர் ஒரு பெரியவர். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். கதவு சாத்திக்கொண்டது. நாலு மணி வகுப்புக்கு நேரமிருந்தது. ஆனாலும் அவள் வாசலிலேயே, வெயிலில், அந்தப் பெரியவர் வெளியே வரும் வரை நின்றாள். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். அவள் கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, வண்டியை நோக்கி நடந்தாள்.